வெளுத்த முகம் சொன்ன பாடம்

(செஞ்சியில் நடைபெற்ற ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரை)



நம் செஞ்சிக்கும் டச்சுக்காரர்களுக்கும் பழைய தொடர்பு உண்டு. செஞ்சி நாயக்கரிடம் அனுமதி பெற்றுத்தான் 1608இல் அவர்கள் தேவனாம்பட்டினத்தில் காலூன்றினார்கள். அதே நூற்றாண்டில் அவர்கள் நாட்டில் யான் ஸ்டேன் (1626–1679) என்ற ஓவியர் இருந்தார். நோயுற்ற பெண்ணை மருத்துவர் பார்க்க வரும் காட்சியை அவர் பலமுறை வரைந்தார்.

வெளுத்த முகத்தோடு ஒரு பெண் தலையணையில் சாய்ந்திருப்பாள். மருத்துவர் நாடி பார்ப்பார். கண்ணாடிக் குடுவையில் சிறுநீர், நெருப்புச் சட்டியில் கருகும் நாடா, கதவுக்கு மேல் காதல் தேவன் சிலை. எல்லாம் சேர்ந்து, 'இவளுக்குக் காதல் நோய்' என்று நமக்குச் சொல்லும். பழங்கால உடையில் நிற்கும் மருத்துவரோ கேலிக்கு ஆளாவார்.

குடுவை நமக்குப் புதிதில்லை. சித்த மருத்துவத்தில் நீர்க்குறி, நெய்க்குறி உண்டு. சிறுநீரில் விட்ட நல்லெண்ணெய்த் துளி பாம்புபோல் நீண்டால் வாதம், மோதிரம்போல் வளைந்தால் பித்தம், முத்துப்போல் நின்றால் கபம் என்பார்கள். பொறுமையாக உற்றுப் பார்ப்பதுதான் அங்கே முதல் பாடம்.

அந்தப் பாடத்தை நான் தவறவிட்டேன். என் ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி மதியம் தூங்கி வழிவாள். "ராத்திரி முழுக்க போனா?" என்று எல்லோர் முன்னும் கேட்டேன். தலைகுனிந்தாள். பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தது, வெளிறியிருந்தது. ஹீமோகுளோபின் 7 கிராம்.

வாரந்தோறும் இரும்புச்சத்து மாத்திரையை நான்தான் கொடுத்தேன். பதிவேட்டில் குறித்தவனும் நான்தான். காலையில் வெறும் வயிற்றோடு வருபவள், குமட்டுகிறது என்று அதை ஜன்னல் வழியே எறிந்திருக்கிறாள். பதிவேட்டில் எல்லாம் சரியாக இருந்தது.

ஓவியத்துப் பெண்களின் வெளிறலும் இரத்தசோகையாக இருந்திருக்கலாம் என்ற கருத்து உண்டு. காதல் நோய் என்று முடிவுகட்டியவர்களுக்கும் எனக்கும் என்ன வேறுபாடு?

இப்போது சத்துணவு முடிந்த பிறகே மாத்திரை தருகிறேன். என் கண்முன் விழுங்க வேண்டும். வகுப்பில் அந்த ஓவியத்தைக் காட்டி, "என்ன நோய்?" என்று கேட்பதற்கு முன் "என்ன தெரிகிறது?" என்று கேட்கிறேன். தூங்கும் பிள்ளையிடமும் முதலில், "காலையில் சாப்பிட்டாயா அம்மா?" என்றுதான் கேட்கிறேன்.