அந்த 2 எம்பி யார் போட்ட கணக்கு?

இன்னைக்கு நாம பேசப்போற விஷயம் கேட்கச் சின்னதா இருக்கும். ஒரு வெப்சைட்ல ஃபைல் அப்லோட் பண்ணும்போது "ஃபைல் அளவு அதிகம்"னு வருதே, அந்த அளவு எங்கிருந்து வருது? யார் வெச்சது? அதை எப்படி மாத்துறது? மாத்தித்தான் ஆகணுமா? ஷேர்டு ஹோஸ்டிங்ல சைட் நடத்துறவங்க எப்போவாவது ஒருநாள் இந்த இடத்துல வந்து நிப்பாங்க.

ஒரு உதாரணம் வெச்சுக்குவோம். நீங்களும் நண்பர்களும் சேர்ந்து ஒரு போட்டோ போட்டி நடத்துறீங்க. மாசம் சில நூறு ரூபாய்க்கு ஒரு ஷேர்டு ஹோஸ்டிங், அதுல பிஎச்பி-ல எழுதின ஒரு ஃபார்ம். பேர், போன் நம்பர், மூணு போட்டோ. கடைசி நாள் ராத்திரி 11 மணிக்கு ஒருத்தங்க எல்லாத்தையும் நிரப்பி சப்மிட் அமுக்குறாங்க. ரொம்ப நேரம் சுத்துது. அப்புறம் அதே ஃபார்ம் காலியா திரும்பி வருது. மேல சிவப்பு எழுத்துல "பேரை நிரப்பவும்"னு இருக்கு. பேரைத்தான் முதல்லயே போட்டாச்சே! மறுபடி போடுறாங்க, மறுபடி அதே பதில். மணி 12 ஆயிடுது. போட்டி முடிஞ்சுது.

இதுல வருத்தமான விஷயம், அப்படி ஒருத்தங்க வந்தாங்கன்னே உங்களுக்குத் தெரியாது. டேட்டாபேஸ்ல ஒரு வரிகூட இருக்காது. ஏன் இப்படி ஆச்சுன்னு புரிஞ்சுக்கத்தான் இந்த எபிசோட்.

லிமிட் எதுக்கு?

ஷேர்டு சர்வர்னா ஒரே மெஷின்ல பல பேரோட சைட் ஓடுறது. அபார்ட்மென்ட் மாதிரி. மொட்டை மாடியில இருக்கிற தண்ணித் தொட்டி எல்லாருக்கும் பொது. ஒரு வீட்ல குழாயை நாள் பூரா திறந்து விட்டா, மேல் வீட்டுக்காரங்க காலையில பல் தேய்க்கத் தண்ணி இருக்காது. இங்க தண்ணிக்குப் பதிலா டிஸ்க், மெமரி, நெட்வொர்க், ஒரே நேரத்துல ஓடக்கூடிய ப்ராசஸ் எண்ணிக்கை.

வெப் ஃபார்ம் வழியா ஃபைல் அனுப்புற முறை 1995 நவம்பர்ல ஆர்எஃப்சி 1867-ங்கிற ஆவணமா வந்தது. ஜெராக்ஸ் கம்பெனியைச் சேர்ந்த ரெண்டு பேர் எழுதினது. இன்னைக்கு நாம பண்றதும் அடிப்படையில அதேதான். நீங்க நிரப்பின எழுத்து, நீங்க தேர்ந்தெடுத்த ஃபைல், எல்லாம் ஒரே பார்சலா கட்டப்பட்டு சர்வருக்குப் போகுது. "ஒரே பார்சல்"ங்கிறதை மனசுல வெச்சுக்கோங்க, கதையோட முடிச்சு அங்கதான் இருக்கு.

சர்வர்ல பிஎச்பி அந்தப் பார்சலைப் பிரிச்சு, ஃபைலை முதல்ல ஒரு தற்காலிக ஃபோல்டர்ல வைக்கும். உங்க புரோகிராம் அதை எடுத்து சரியான இடத்துக்கு மாத்தணும். மாத்தலைன்னா, அந்த ரெக்வெஸ்ட் முடிஞ்சதும் பிஎச்பி-யே அதை அழிச்சிடும்.

ஒரு கேட் இல்லை, பல கேட்

நிறைய பேர் நினைக்கிறது, எங்கயோ ஒரு இடத்துல ஒரு நம்பர் இருக்கு, அதை மாத்தினா சரியாயிடும்னு. அப்படி இல்லை. அந்தப் பார்சல் வரிசையா பல கேட்டைத் தாண்டி வருது. ஒவ்வொரு கேட்லயும் ஒரு காவலாளி, ஒவ்வொருத்தர் கையிலயும் வேற வேற நம்பர்.

முதல்ல, உங்க சைட்டுக்கு முன்னாடி கிளவுட்ஃப்ளேர் வெச்சிருந்தா, இலவச பிளான்ல 100 எம்பி-க்கு மேல அது விடாது.

அடுத்து வெப் சர்வர். என்ஜின்எக்ஸ்-ல "கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ்"னு ஒரு செட்டிங் இருக்கு. யாரும் தொடலைன்னா அது வெறும் 1 எம்பி. அப்பாச்சியில "லிமிட் ரெக்வெஸ்ட் பாடி"ன்னு பேர். 2.4.53 வெர்ஷன் வரைக்கும் அதுக்கு டிஃபால்ட்டா வரம்பே கிடையாது. அதுக்கு அப்புறம் 1 ஜிபி.

மூணாவது பிஎச்பி. இங்க முக்கியமா ரெண்டு நம்பர். "அப்லோட் மேக்ஸ் ஃபைல்சைஸ்" என்பது ஒரு தனி ஃபைலுக்கான அளவு, டிஃபால்ட் 2 எம்பி. "போஸ்ட் மேக்ஸ் சைஸ்" என்பது மொத்தப் பார்சலுக்கான அளவு, டிஃபால்ட் 8 எம்பி. இது போக, ஒரே தடவையில எத்தனை ஃபைல்னும் ஒரு கணக்கு உண்டு, 20. 25 போட்டோ அனுப்பினா 20 தான் வந்து சேரும்.

கடைசியா, வேர்ட்பிரஸ் மாதிரி அப்ளிகேஷன். மீடியா பக்கத்துல "அதிகபட்ச அளவு இவ்வளவு"ன்னு அது ஒரு நம்பர் காட்டும். அது பெரும்பாலும் வேர்ட்பிரஸ் கண்டுபிடிச்ச நம்பர் இல்லை. பிஎச்பி-யோட அந்த ரெண்டு நம்பர்ல எது சின்னதோ அதைத்தான் எடுத்துக் காட்டுது.

ஆக, இருக்கிறதுலயே சின்ன கேட் எதுவோ அதுதான் உங்க உண்மையான லிமிட்.

எந்த கேட்ல நின்னுச்சு?

சர்வரைத் தொடுறதுக்கு முன்னாடி இதைக் கண்டுபிடிக்கணும். ஒவ்வொரு கேட்டும் ஒவ்வொரு மாதிரி மறுப்பு சொல்லும்.

413-ங்கிற எர்ரர் வந்தா, பெரும்பாலும் வெப் சர்வரோ அதுக்கு முன்னாடி இருக்கிறதோ தடுத்திருக்கு. பார்சல் பிஎச்பி வரைக்கும் போகவே இல்லை. சில நேரம் பிரவுசர் 413-ஐக்கூட ஒழுங்கா காட்டாது, கனெக்‌ஷன் அறுந்துபோன மாதிரி தெரியும்.

ஃபார்ம்ல எழுதினது எல்லாம் வந்திருக்கு, ஃபைல் மட்டும் இல்லை, கூடவே எர்ரர் நம்பர் 1-னு இருந்தா, தனி ஃபைலுக்கான அளவைத் தாண்டியாச்சுன்னு அர்த்தம். இது நல்ல மாதிரியான மறுப்பு. உங்க புரோகிராம் அந்த நம்பரைப் பார்த்து "உங்க ரெண்டாவது போட்டோ பெருசா இருக்கு"ன்னு தெளிவா சொல்ல முடியும்.

மூணாவது, மொத்தப் பார்சலோட அளவைத் தாண்டினா? பிஎச்பி அந்தப் பார்சலைப் பிரிக்கவே பிரிக்காது. ஃபைல் மட்டும் இல்லை, கூட வந்த பேர், போன் நம்பர் எல்லாமே போச்சு. புரோகிராமுக்குக் கிடைக்கிறது ஒரு காலி ஃபார்ம். பாவம், அது என்ன பண்ணும்? "பேரை நிரப்பவும்"னு சொல்லும். எர்ரர் லாக்-ல மட்டும் அளவு தாண்டிடுச்சுன்னு ஒரு எச்சரிக்கை வரி இருக்கும். அதை யாரு ராத்திரி 11 மணிக்குப் பார்க்கப் போறாங்க?

நம்ம போட்டியில நடந்தது இதுதான். மூணு போட்டோ, ஒவ்வொண்ணும் 4 எம்பி, மொத்தம் 12. வாசல் 8-ல மூடியிருந்தது.

இதுக்கு ஒரு சின்ன தற்காப்பு இருக்கு. புரோகிராமோட ஆரம்பத்துலயே ஒரு சோதனை போடுங்க. ரெக்வெஸ்ட் போஸ்ட் முறையில வந்திருக்கு, அதோட ஹெட்டர்ல கன்டென்ட் லெங்த் பெரிய நம்பரா இருக்கு, ஆனா உள்ள எதுவுமே இல்லை. அப்படின்னா "பேரை நிரப்பவும்"னு சொல்லாதீங்க. "நீங்க அனுப்பின ஃபைல்கள் மொத்தமா அளவைத் தாண்டிடுச்சு"ன்னு சொல்லுங்க. நாலஞ்சு வரி கோட் தான்.

சரி, எப்படி மாத்துறது?

ஷேர்டு ஹோஸ்டிங்ல மெயின் பிஎச்பி டாட் ஐஎன்ஐ ஃபைல் உங்க கையில இருக்காது. ஆனா வழி இருக்கு.

சிபேனல் இருந்தா "மல்டிபிஎச்பி ஐஎன்ஐ எடிட்டர்"னு ஒண்ணு இருக்கும். அதுல இந்த ரெண்டு நம்பரையும் நேரா மாத்தலாம். அது இல்லைன்னா, உங்க சைட் ஃபோல்டர்ல டாட் யூசர் டாட் ஐஎன்ஐ-ன்னு ஒரு ஃபைல் வெச்சு அதுல எழுதலாம். எழுதின உடனே மாறலைன்னு பதறாதீங்க. பிஎச்பி அந்த ஃபைலை 300 செகண்டுக்கு ஒரு தடவைதான் திரும்பப் படிக்கும். அஞ்சு நிமிஷம் பொறுத்து, பிஎச்பி இன்ஃபோ பக்கத்தைத் திறந்து புது நம்பர் வந்திருக்கான்னு பாருங்க. பார்த்து முடிச்சதும் அந்தப் பக்கத்தை அழிச்சிடுங்க. உங்க சர்வரோட ஜாதகத்தை ஊருக்கே காட்ட வேண்டாம்.

இங்க வழக்கமா நடக்கிற மூணு தப்பு இருக்கு.

ஒண்ணு, டாட் ஹெச்டி ஆக்சஸ் ஃபைல்ல இந்த செட்டிங்கை எழுதுறது. பிஎச்பி அப்பாச்சிக்குள்ளேயே மாட்யூலா ஓடினாதான் அது செல்லும். இன்னைக்கு நிறைய ஹோஸ்டிங்ல அப்படி ஓடுறது இல்லை. அங்க எழுதினா மொத்த சைட்டும் 500 எர்ரர் காட்டிட்டு நிக்கும்.

ரெண்டு, புரோகிராமுக்குள்ளேயே ஐஎன்ஐ செட் ஃபங்ஷனைக் கூப்பிட்டு மாத்தப் பார்க்கிறது. இந்த ரெண்டு நம்பருக்கும் அது வேலை செய்யாது. உங்க கோட் ஓட ஆரம்பிக்கும்போது பார்சல் ஏற்கெனவே வந்து பிரிச்சாச்சு.

மூணு, அளவை எழுதுற விதம். 64 எம்பி வேணும்னா 64 போட்டு பக்கத்துல 'எம்' மட்டும்தான் போடணும். 'எம்பி'ன்னு ரெண்டு எழுத்தும் போட்டா, பிஎச்பி கடைசி எழுத்தான 'பி'யைப் பார்த்துக் குழம்பி, வெறும் 64 பைட்னு எடுத்துக்கும். 8.2 வெர்ஷன்ல இருந்து எச்சரிக்கையாவது கொடுக்குது. அதுக்கு முன்னாடி அதுவும் இல்லை.

இந்த ரெண்டு வழியிலயும் வெப் சர்வரோட கேட்டை மட்டும் நீங்க தொட முடியாது. 413 வந்தா ஹோஸ்டிங் சப்போர்ட்டுக்குத்தான் எழுதணும். "அப்லோட் ஆகலை"ன்னு மட்டும் எழுதாதீங்க. எந்தப் பக்கம், எத்தனை எம்பி ஃபைல், எந்த நேரம், என்ன எர்ரர்னு எழுதினா பதில் சீக்கிரம் வரும்.

எவ்வளவு ஏத்தணும்?

"எதுக்கு வம்பு, 1 ஜிபி-ன்னு வெச்சிடலாமே"ன்னு தோணும். வேண்டாம், தேவையில இருந்து கணக்கு போடுங்க. மூணு போட்டோ, ஒவ்வொண்ணும் அதிகபட்சம் 8 எம்பி. அப்போ தனி ஃபைலுக்கு 8, மொத்தத்துக்கு 24. அதோட எழுத்துக்கும் கொஞ்சம் சேர்த்து 28 போதும். மொத்த நம்பர் எப்பவும் தனி நம்பரைவிடப் பெருசா இருக்கணும், இதை மறக்காதீங்க. அப்புறம் டிஸ்க். 300 பேர் கலந்துக்கிட்டா 24 எம்பி வீதம் 7 ஜிபி-க்கு மேல. உங்க பிளான்ல அவ்வளவு இடம் இருக்கா?

மெமரி வேற கணக்கு. 4000-க்கு 3000 பிக்சல் போட்டோ ஃபைலா 3 எம்பி தான் இருக்கும். ஆனா அதைச் சின்னதாக்க சர்வர் திறக்கும்போது ஒரு பிக்சலுக்கு 4 பைட் வீதம் 48 எம்பி மெமரி எடுக்கும். பிஎச்பி-யோட டிஃபால்ட் மெமரி வரம்பு 128 எம்பி. "அப்லோட் ஆச்சு, ஆனா தம்ப்நெயில் வரலை"ங்கிற புகார் வந்தா முதல்ல இங்க பாருங்க.

வீடியோ வேணும்னா ஷேர்டு சர்வர் அதுக்கான இடமே இல்லை. யூடியூப்லயோ டிரைவ்லயோ ஏத்தி லிங்க்கை மட்டும் அனுப்பச் சொல்லுங்க. இன்னொண்ணு, யார் வேணா ஃபைல் ஏத்தலாம்னு கதவு திறந்தா, அந்த ஃபோல்டர்ல பிஎச்பி ஓடாத மாதிரி கட்டாயம் பூட்டு போடுங்க. போட்டோங்கிற பேர்ல யாராவது புரோகிராமை ஏத்திடுவாங்க.

எதிர்ல இருக்கிறவங்க கணக்கு

கடைசியா ஒண்ணு. இதுவரைக்கும் சர்வர் பக்கம் நின்னு பேசினோம். இப்போ ஃபார்ம் நிரப்புறவங்க பக்கம் போவோம். மொபைல் டேட்டாவுல அப்லோட் வேகம் செகண்டுக்கு 2 மெகாபிட்னு வெச்சுக்கோங்க. 40 எம்பி அனுப்ப 160 செகண்ட். கிட்டத்தட்ட மூணு நிமிஷம் காத்திருந்து, டேட்டாவும் செலவாகி, அப்புறம் "அளவு அதிகம்"னு பதில் வந்தா எப்படி இருக்கும்?

ஃபைலோட அளவு அனுப்புறதுக்கு முன்னாடியே பிரவுசருக்குத் தெரியும். ஜாவாஸ்கிரிப்ட்ல ஒரு சின்னச் சோதனை போட்டா, தேர்ந்தெடுத்த அந்த நொடியிலயே சொல்லிடலாம். சர்வர்லயும் சோதனை கட்டாயம் வேணும், ஏன்னா பிரவுசர் சோதனையை யார் வேணா தாண்டிடலாம். ஆனா பிரவுசர்ல போடுறது மனுஷங்களுக்காக. அதுக்கும் முன்னாடி, ஃபார்ம் மேலயே தெளிவா எழுதுங்க: "ஒரு போட்டோ 8 எம்பி வரை, மொத்தம் மூணு."

நம்மள்ல பலர் ஏதோ ஒரு தேர்வு விண்ணப்பத்துக்காக போட்டோவை இத்தனை கேபி-க்குள்ள சுருக்க அல்லாடியிருப்போம். அந்த லிமிட் ஏன் இருக்குன்னு இப்போ புரியுது, இருக்கட்டும். லிமிட் வைக்கிறது தப்பில்லை. அதை முன்கூட்டியே சொல்லாம, தாண்டினதும் வேற ஏதோ காரணம் சொல்லித் திருப்பி அனுப்புறதுதான் தப்பு.

இந்த வாரம் உங்க சைட்ல ஒரு பரிசோதனை பண்ணுங்க. லிமிட்டுக்குள்ள ஒரு ஃபைல், லிமிட்டை லேசா தாண்டின ஒண்ணு, மொத்த அளவையும் தாண்டுற ஒண்ணு. மூணையும் நீங்களே ஏத்திப் பாருங்க. மூணுக்கும் என்ன பதில் வருதுன்னு, ஃபார்மை முதல் தடவை பார்க்கிற ஒருத்தரா படிச்சுப் பாருங்க. புரியலைன்னா, மாத்த வேண்டியது முதல்ல அந்த வாக்கியம். நம்பர் அப்புறம்.

அடுத்த எபிசோட்ல பேக்கப் பத்திப் பேசுவோம்.