தேயும் நிலவும் ஏறும் கடலும்

 

வெள்ளி விழாக் காணும் இக்கழகத்தின் மேடையில் பேசுவதற்கு நாம் ஒரு கதையைத் தேர்ந்துகொண்டோம். கல்வி விழாவில் கதைக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் இருக்கிறது. 'ஏட்டில் இல்லாதது அறிவாகாது' என்னும் எண்ணம் நம்மிடையே படித்தவர் பலருடைய உள்ளத்திலும் வேர் விட்டிருக்கிறது. எழுத்து மறுக்கப்பட்டிருந்த மக்களுக்கு இதனினும் கேடு தரும் எண்ணம் வேறில்லை. அஃது உண்மையாயின், நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாக ஒன்றும் அறியாமலே வாழ்ந்து மறைந்தனர் என்று நாமே கையொப்பமிட்டுக் கொடுத்தவர்களாவோம். ஆகவே இவ்வெண்ணத்தைச் சோதித்துப் பார்ப்பது நம் கடமை. அச்சோதனைக்கு நாம் எடுத்துக்கொண்டது நம் ஊர்க் கதையன்று. ஆஸ்திரேலியாவின் தொல்குடி மக்களுள் ஒரு பிரிவினரான யோல்ங்கு மக்களின் நிலவுக் கதை.

ஆஸ்திரேலியாவின் வடகோடியில், கார்ப்பென்டேரியா வளைகுடாவின் மேற்குக் கரையை ஒட்டி, ஆர்னெம் லாண்ட் என்னும் பெருநிலப்பரப்பு உள்ளது. அதன் வடகிழக்குப் பகுதி யோல்ங்கு மக்களின் தாயகம். அவர்கள் கடலும் காடும் கைவரப்பெற்ற மக்கள். ஆமையும் மீனும் சிப்பியும் கடல் தரும். கிழங்கும் தேனும் காடு தரும். அவர்களிடம் எழுத்து இருக்கவில்லை. பாட்டு இருந்தது, ஆட்டம் இருந்தது, மரப்பட்டையில் தீட்டும் ஓவியம் இருந்தது, கதை இருந்தது. ஆஸ்திரேலியக் கண்டத்தில் தொல்குடியினர் 50,000 ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்துவருகின்றனர் என்பது அகழாய்வு காட்டும் உண்மை. அத்துணை நெடுங்காலம் வானத்தைப் பார்த்தவர்கள் ஏதும் காணாதிருந்திருப்பரோ?

இனிக் கதைக்கு வருவோம். யோல்ங்கு மக்கள் நிலவை ஆணாகக் கருதுவர். அவன் பெயர் ஙலிந்தி. நம் நெடுங்கணக்கில் உள்ள 'ங' என்னும் எழுத்து நம் சொற்களில் முதலில் வருவது மிக அரிது. அவர்கள் மொழியிலோ அவ்வொலி சொல்லின் தலைமாட்டில் இயல்பாக நிற்கும்.

ஙலிந்தி பெருத்த உடலினன், சோம்பேறி. பிறர் தேடிக்கொணர்ந்ததை உண்டு, வட்டமாய்ப் பருத்துக் கிடந்தான். அதுவே முழுநிலவு. அவன் மனைவியர் பொறுத்துப் பார்த்தனர். இறுதியில் பொறுமை இழந்தனர். கோடரிகளை எடுத்து அவன் உடலைத் துண்டு துண்டாகச் செதுக்கலாயினர். நாளுக்கு நாள் அவன் குறைந்துகொண்டே வந்தான். அதுவே தேய்பிறை. உயிர் தப்ப எண்ணி, உயர்ந்த மரமொன்றில் ஏறிக் கதிரவனைப் பின்தொடர்ந்து ஓடினான். ஆயினும் பட்ட புண்கள் ஆறாதவை. அவன் இறந்தான். மூன்று நாள் இறந்தே கிடந்தான். பின்னர் உயிர்த்தெழுந்து, மெல்ல மெல்லப் பருத்து, இரு கிழமைகளில் மீண்டும் வட்டமானான். மனைவியர் மீண்டும் கோடரியை எடுத்தனர். அன்று தொட்டு இன்றளவும் திங்கள்தோறும் இது நிகழ்கிறது.

கதைக்கு ஒரு வால் உண்டு. ஙலிந்தி முதன்முதல் இறந்த நாள்வரை உலகில் எவர்க்கும் இறப்பு இல்லை. அவன் சினந்து ஒரு சாபமிட்டான்: தான் மட்டுமே மீண்டு வருவான், ஏனைய மனிதரும் விலங்குகளும் இறந்தால் மீளமாட்டார். கதையைச் சொல்வோர்க்கேற்பச் சில செய்திகள் வேறுபடும். ஆயின் செதுக்கப்படுவதும், மூன்று நாள் மறைவும், மீட்சியும் கதையின் எலும்புகள்.

இப்போது அறிவியல் பாடம் படித்த மாணவன் ஒருவன் எழுந்து, 'இஃது உண்மையன்றே' என்பான். அவன் சொல்வது சரியே. அதை மழுப்ப வேண்டுவதில்லை. நிலவுக்குத் தன்னொளி இல்லை. அதன் ஒரு பாதி எப்போதும் கதிரவன் ஒளியில் இருக்கிறது. அது புவியைச் சுற்றி வரும்போது, ஒளிபெற்ற அப்பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறதோ அவ்வளவே நமக்குத் தெரிகிறது. ஒரு முழுநிலவிலிருந்து மறு முழுநிலவுக்கு ஏறத்தாழ 29½ நாள். புவியின் நிழல் விழுவதால் பிறை உண்டாகிறது என்று படித்தவர்களிலும் பலர் நினைத்திருக்கின்றனர். அது பிழை, புவியின் நிழல் விழுவது சந்திர கிரகணத்தின்போது மட்டுமே. ஏட்டுக் கல்வியிலும் மூடநம்பிக்கை புகுந்துகொள்ளும் என்பதை இதனால் அறிக.

கதை காரணத்தைச் சொல்லவில்லை. ஆனால் கண்டதைத் தவறாது சொல்கிறது. தேய்வதற்கு ஏறத்தாழ இரு கிழமை, வளர்வதற்கு இரு கிழமை, இடையில் கண்ணுக்குத் தோன்றாத சில நாள் என்னும் கணக்கு அதில் இருக்கிறது. தேயுந்தோறும் நிலவு வானில் கதிரவனை நெருங்கிச் செல்கிறது என்பதும் இருக்கிறது. 'கதிரவனைப் பின்தொடர்ந்து ஓடினான்' என்பது வெற்றுச் சொல்லன்று. அம்மக்கள் கதிரவனைப் பெண்ணாகக் கொண்டு வாலு என்பர். நிலவு ஆணும் கதிரவப் பெண்ணும் ஒன்றுகூடுவதே சூரிய கிரகணம் என்பது அவர்கள் விளக்கம். கதிரவனும் நிலவும் ஒரே இடத்தில் கூடுவதால்தான் சூரிய கிரகணம் நிகழ்கிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இன்னொரு செய்தி இதனினும் வியப்பானது. கடல்நீர் கரையில் ஏறியும் இறங்கியும் வருவதை ஓதம் என்கிறோம். நிலவு அடிவானத்தின் வழியே எழும்போது உயர்ந்த ஓதத்தின் நீர் அதனுள் நிறைகிறது. நீர் வடியவடிய ஓதமும் தாழ்கிறது. நிலவு மூன்று நாள் வெறுமையாய்க் கிடக்கிறது. பின்னர் ஓதம் ஏறி அதை மீண்டும் நிரப்புகிறது. இதுவும் அவர்கள் சொல்வதே. நிலவுக்குள் நீர் புகுவதில்லை என்பது நமக்குத் தெரியும். முழுநிலவு நாளையொட்டி மட்டுமன்றி, நிலவு மறைந்த நாளையொட்டியும் ஓதம் மிக உயரும் என்பதும் தெரியும். ஆயினும் கடலின் ஏற்றத்தையும் நிலவின் நிலையையும் ஒரே கயிற்றில் கட்டியது சரியான முடிச்சு.

அதே முடிச்சை ஐரோப்பாவின் பேரறிஞர் ஒருவர் அவிழ்த்தெறிந்தார். கலிலியோ 1632இல் வெளியிட்ட தம் புகழ்பெற்ற உரையாடல் நூலில், ஓதத்துக்குக் காரணம் புவியின் அசைவே என்று வாதிட்டார். நிலவுக்கும் கடலுக்கும் தொடர்புண்டு என்ற கெப்ளரைக் குறைகூறினார். அத்தொடர்புக்கு ஈர்ப்பு விசையால் விளக்கம் தந்தவர் நியூட்டன். அவர் நூல் வந்த ஆண்டு 1687. இதைக் கூறுவது கலிலியோவைச் சிறுமைப்படுத்துவதற்கன்று. அவர் வானியலின் தந்தையருள் ஒருவர். நியூட்டனின் கணக்கை யோல்ங்கு மக்கள் முன்பே செய்துவிட்டனர் என்று பொய்ப்பெருமை பேசுவதற்கும் அன்று. கரையில் நின்று கடலைப் பார்த்தவன் கண்டதை, அறையில் அமர்ந்து எண்ணியவர் தவறவிட்டதும் உண்டு என்பதே செய்தி. அமெரிக்க மானிடவியலாளர் லாயிட் வார்னர் இம்மக்களிடையே வாழ்ந்து, 1937இல் நூல் எழுதினார். நம் காலத்தில் வானியலாளர் ரே நோரிஸ் முதலானோர் இவர்களுடைய வானறிவைத் திரட்டி வெளியிட்டுள்ளனர்.

நண்பர்களே! கதையின் பெருமையோடு நம் உரையை முடித்துக்கொண்டால் அது பாதிப் பேச்சே ஆகும். அறிவுடைய மக்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் கேளுங்கள்.

யோல்ங்கு மக்களின் நிலத்தடியில் பாக்சைட் என்னும் அலுமினியத் தாது இருந்தது. 1963இல் ஆஸ்திரேலிய அரசு, அம்மக்களைக் கேளாமலே, அவர்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்த நிலத்திலிருந்து 300 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பைச் சுரங்கத்துக்காகப் பிரித்தெடுத்தது. யிர்கலா என்னும் ஊரினர் நாடாளுமன்றத்துக்கு மனு எழுதினர். தம் மொழியிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்த தாளை மரப்பட்டையில் ஒட்டி, அதைச் சுற்றிலும் தம் குலங்களின் ஓவியங்களைத் தீட்டி அனுப்பினர். தாள் ஆள்வோரின் சட்டத்துக்காக. பட்டை தம் சட்டத்துக்காக. சுரங்கம் நிற்கவில்லை. அவர்கள் வழக்குத் தொடுத்தனர். 1971இல் தீர்ப்புரைத்த நீதிபதி, இவர்களிடம் நுட்பமான சட்டமுறை ஒன்று உண்டு என்று ஒப்புக்கொண்டார். ஆயினும் நாட்டின் சட்டப்படி நிலம் இவர்களுக்கு உரியதன்று என்றார். அறிவு உண்டு, உரிமை இல்லை என்னும் இவ்வகைத் தீர்ப்பு நம் செவிக்குப் புதிதன்று.

அவர்கள் ஓய்ந்துவிடவில்லை. இப்போராட்டங்களின் பின்விளைவாக 1976இல் வடபுலத் தொல்குடியினர் நில உரிமைச் சட்டம் பிறந்தது. அதன்வழி நிலம் திரும்பியது. எல்லை, கடல் மிகத் தாழ்ந்து வற்றும் கோடு வரை. ஆயின் புதிய சிக்கல் எழுந்தது. ஓதம் இறங்கும்போது அம்மணல் யோல்ங்கு மக்களுடையது. ஓதம் ஏறி அம்மணலை மூடினால், மேலே நிற்கும் நீர் யாருடையது? மீன்பிடி உரிமம் பெற்ற வெளியார் அந்நீரில் படகோட்டி வரலாமா? 1996இல் புளூ மட் விரிகுடாப் பகுதியில் அவர்களுடைய புனித இடமொன்றில், அத்துமீறி மீன்பிடித்தோர் தங்கிய இடத்தில், வெட்டப்பட்ட முதலைத் தலை கிடக்கக் கண்டனர். முதலை அவர்களுடைய மூதாதை வடிவங்களுள் ஒன்று. அவர்கள் தடியை எடுக்கவில்லை, தூரிகையை எடுத்தனர். கடலின் எப்பகுதி எக்குலத்துக்கு உரியது, அதன் கதை யாது என்பதை 80 மரப்பட்டை ஓவியங்களாகத் தீட்டி நாட்டின் முன் வைத்தனர். வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் சென்றது. 2008ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள், அம்மணலின் மேல் ஏறிநிற்கும் நீரிலும் நுழைவதற்கு நில உடைமையாளரின் இசைவு வேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

எண்ணிப் பாருங்கள். ஏறும் ஓதத்துக்கும் இறங்கும் ஓதத்துக்கும் இடையே உள்ள அந்த நிலத்துண்டை நாள்தோறும் அளந்து காட்டுவது நிலவு. எந்த நிலவைப் பற்றிக் கதை சொன்னார்களோ, அந்நிலவு வரைந்த கோட்டின்மீதே அவர்களுடைய உரிமை உறுதியாயிற்று. கதையைக் 'காட்டுமிராண்டிகளின் உளறல்' என்று தாமே வெட்கி மறந்திருப்பரேல், அக்கரை தமது என்று சொல்ல அவர்களிடம் என்ன மிஞ்சியிருக்கும்? கதையை மட்டும் வைத்துக்கொண்டு எழுத்தையும் சட்டத்தையும் கல்லாதிருப்பரேல், நீதிமன்றத்தின் வாயிலை எங்ஙனம் மிதித்திருப்பர்? இரண்டும் வேண்டியிருந்தன.

இதை அவர்கள் தம் பள்ளியிலும் கண்டனர். 1970களில் யிர்கலாப் பள்ளியில் தாய்மொழியும் ஆங்கிலமும் கொண்ட இருமொழிக் கல்வி தொடங்கிற்று. 1990இல் அம்மக்களுள் ஒருவரே அப்பள்ளியின் தலைமையாசிரியரானார். அங்குள்ள ஆசிரியர்கள் தம் கல்விக் கொள்கைக்குக் கன்மா என்று பெயரிட்டனர். நிலத்திலிருந்து நன்னீர் வருகிறது. கடலிலிருந்து உப்புநீர் வருகிறது. காயலில் இரண்டும் கலந்து நுரை எழுகிறது. நன்னீர் தம் முன்னோர் அறிவு. உப்புநீர் வெளியிலிருந்து வந்த அறிவு. ஒன்று மற்றொன்றை அழிக்காமல் கலக்க வேண்டும் என்பது அக்கொள்கை. அக்கல்விக்கு இடையூறும் வந்தது. 2008இல் வடபுல அரசு, பள்ளியின் முதல் நான்கு மணி நேரம் ஆங்கிலத்திலேயே நடத்தப்பட வேண்டும் என்று அறிவித்தது. கரையை மீட்ட அதே ஆண்டில், வகுப்பறைக்காக மீண்டும் வாதாட வேண்டியிருந்தது. ஓதம் ஏறினால் இறங்கும், உரிமையும் அத்தகையதே. காவல் வேண்டும்.

இளைஞர்களே! இக்கழகத்தின் வழியே படித்துப் பட்டம் பெறும் உங்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே. உங்கள் பாட்டியும் தாத்தாவும் வானத்தைப் பற்றியும், மழையைப் பற்றியும், மண்ணையும் மாட்டையும் நோயையும் பற்றியும் சொல்லும் கதைகளை நாணத்தோடு தள்ளிவிடாதீர்கள். அவற்றைக் கண்மூடி நம்பவும் வேண்டா. ஒரு குறிப்பேட்டை எடுங்கள். சொன்னவர் யார், எந்த ஊர், எந்த நாள் என்று குறியுங்கள். அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். பிறர் அறியலாகாது என்று அவர் கருதுவதை அவர் விருப்பப்படி விட்டுவிடுங்கள். பின்னர் உங்கள் அறிவியல் பாடத்தை அருகில் வைத்து, இக்கதை எதைக் கண்டது, எதைக் காணவில்லை என்று வினவுங்கள். இழிவைக் கற்பிக்கும் கதையாயின் அதையும் அஞ்சாது சுட்டுங்கள். இவ்வாறு எழுதப்படும் ஏடுகள் நம் கழக நூலகத்தில் ஒரு நிலையடுக்கு நிறையட்டும்.

இப்பணியைத் தள்ளிப்போடலாகாது. ஙலிந்தியின் சாபத்தை மறவாதீர்கள். நிலவு மூன்று நாளில் மீண்டு வரும். நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவர் சென்றுவிட்டால் மீள மாட்டார். அவர் அறிந்ததும் அவரோடு சென்றுவிடும். எழுதி வைப்பதும் அடுத்த தலைமுறைக்குக் கற்பிப்பதுமே அச்சாபத்துக்கு நாம் தரக்கூடிய மறுமொழி. அதற்காகவே நம் பெரியோர் அரிதின் முயன்று இக்கழகத்தைத் தோற்றுவித்தனர். அதற்காகவே இதை நாம் மேலும் வளர்க்க வேண்டும்.