உச்சியைத் தொட்டவர்கள், திரும்பி வந்தவர்கள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



மலை ஏறுவது, கடலை நீந்திக் கடப்பது, காட்டுக்குள் நூறு கிலோமீட்டர் ஓடுவது என்றெல்லாம் பேச்செடுத்தால், நம் வீடுகளில் முதலில் வரும் கேள்வி, "இதெல்லாம் தேவையா?" என்பதுதான். "கையும் காலும் நல்லா இருக்கும்போது ஏன்பா வம்பை விலைக்கு வாங்குறே?" என்று அம்மா கேட்பார். அந்தக் கேள்வியை நான் கேலி செய்யப் போவதில்லை. அதில் அன்பு இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதே இன்றைய என் பேச்சு.

1997ஆம் ஆண்டு மே 23ஆம் தேதியை மலேசியர்கள் மறக்க முடியாது. அன்று நண்பகலை ஒட்டிய வேளையில் மு.மகேந்திரனும் நா.மோகன்தாசும் எவரெஸ்ட் சிகரத்தில் நம் நாட்டுக் கொடியை நாட்டினார்கள். அந்த உயரத்தைத் தொட்ட முதல் மலேசியர்கள் அவர்கள். பல இனத்தவரும் சேர்ந்த ஒரு தேசியக் குழுவில் நம்மவர் இருவருக்கு அந்தப் பேறு கிடைத்தது. அடுத்த ஆண்டே, 1998 மே 25ஆம் தேதி, சிங்கப்பூர்க் குழுவின் எட்வின் சியூவும் கூ சுவீ சியாவும் அங்கே நின்றார்கள். பனி என்றால் ஐஸ் கச்சாங்கில் மட்டுமே பார்த்த நம் வெப்ப நாடுகளுக்கு இது சாதாரணச் செய்தியா?

எவரெஸ்டின் உயரம் 8,848 மீட்டருக்கும் சற்று அதிகம். அங்கே ஒரு முறை மூச்சை இழுத்தால், கடல் மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். 8,000 மீட்டருக்கு மேல் உள்ள பகுதியை 'மரண மண்டலம்' என்றே அழைக்கிறார்கள். அங்கே உடல் ஓய்வெடுத்தாலும் தேறாது. ஒவ்வொரு மணி நேரமும் அது தேய்ந்துகொண்டே போகும். அதனால்தான் வீரர்கள் நேராக ஏறிவிடுவதில்லை. ஒரு முகாமுக்கு ஏறுவார்கள், இறங்குவார்கள், அதைவிட உயரமான முகாமுக்கு ஏறுவார்கள், மறுபடி இறங்குவார்கள். இப்படி வாரக்கணக்கில் செய்யும்போது உடல் அதிகமான சிவப்பணுக்களை உற்பத்தி செய்து, குறைந்த காற்றுக்குப் பழகுகிறது. எல்லையை உடைப்பது என்று நாம் சொல்கிறோமே, அது ஒரே தாவலில் நடப்பதில்லை. இறங்கி இறங்கி ஏறுவதில்தான் நடக்கிறது.

கோரான் குரோப் என்ற சுவீடன் நாட்டு வீரரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1995இல் சுவீடனில் சைக்கிளில் புறப்பட்டவர், நேப்பாளம் வரை மிதித்தே வந்தார். செயற்கை ஆக்சிஜன் வேண்டாம், சுமை தூக்க ஆள் வேண்டாம் என்று தனியாகவே எவரெஸ்டில் ஏறினார். 1996 மே மாதத் தொடக்கத்தில் உச்சிக்கு இன்னும் 100 மீட்டர் அளவே பாக்கி. ஆழமான பனியில் கால் புதைந்து நேரம் கடந்துவிட்டது. இதற்குமேல் போனால் இறங்கும் நேரத்தில் உடலில் தெம்பு இருக்காது என்று கணக்குப் போட்டார். அத்தனை ஆயிரம் கிலோமீட்டர் மிதித்து வந்த மனிதர், அங்கிருந்து திரும்பிவிட்டார்.

அதன்பின் மே 10, 11 தேதிகளில் அதே மலையில் புயல் வீசியது. திரும்ப வேண்டிய நேரம் கடந்த பிறகும் பலர் மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். எட்டுப் பேர் மாண்டார்கள். அவர்களில் அனுபவம் மிக்க வழிகாட்டிகளும் உண்டு. குரோப்போ மறுபடி முயன்று, மே 23ஆம் தேதி உச்சியை அடைந்தார். திரும்பத் தெரிந்ததால்தான் அவருக்கு இரண்டாவது வாய்ப்பு இருந்தது.

நான் ஊடகத்துறையில் இருப்பவள். எங்களைப் பற்றியும் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் கேமரா எப்போதும் கொடி பறக்கும் உச்சியையே தேடுகிறது. 100 மீட்டரில் திரும்பியவனின் முகத்தைப் படம் பிடிக்க யாரும் துடிப்பதில்லை. வெற்றி பெற்றவரை மட்டுமே காட்டிக் காட்டி, திரும்புவது கோழைத்தனம் என்ற எண்ணத்தை இளையோர் மனத்தில் நாமே விதைத்துவிடுகிறோமோ? கைப்பேசியில் ஒரு படம் போடுவதற்காக மழை நேரத்தில் பாறை விளிம்புக்குப் போகும் பிள்ளைகளைப் பார்க்கும்போது அந்தக் கவலை வருகிறது.

இன்னொரு செய்தி. 2023 மே மாதம், எவரெஸ்டின் மரண மண்டலத்தில் மலேசிய மலையேறி ஒருவர் குளிரில் செயலிழந்து கிடந்தார். அந்த வழியாக ஒரு சீனப் பயணியை உச்சிக்கு அழைத்துச் சென்றுகொண்டிருந்தார் கெல்ஜே ஷெர்பா. அவர் தம் பயணியிடம் பேசி, உச்சிப் பயணத்தைக் கைவிட வைத்தார். கிடந்தவரைப் படுக்கை விரிப்பில் சுற்றி, முதுகில் சுமந்தும் பனியில் இழுத்தும், ஏறக்குறைய ஆறு மணி நேரம் போராடி, சுமார் 600 மீட்டர் கீழே கொண்டு வந்தார். நீமா தாஹி ஷெர்பாவும் துணைக்கு வந்தார். அந்த உயரத்தில் தன் காலைத் தூக்கி வைப்பதே பெரும்பாடு. இன்னொரு மனிதனைத் தூக்குவது என்றால்? அன்று அந்த மலையில் தன் எல்லையை உண்மையில் கடந்தவர், உச்சிக்குப் போகாத அந்த மனிதர்தான்.

இமயம் வரை போக வேண்டியதில்லை. 2015 ஜூன் 5ஆம் தேதி காலை, சபாவில் 6.0 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டு, 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு மலையில் பாறைகள் உருண்டன. சிங்கப்பூரிலிருந்து சென்ற பள்ளிப் பிள்ளைகள் உட்பட 18 பேர் உயிரிழந்தார்கள். தங்கள் தோழர்களையும் பறிகொடுத்த உள்ளூர் வழிகாட்டிகள், மேலே சிக்கியிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களை நடத்திக் கீழே கொண்டுவந்தார்கள். எவ்வளவு கவனமாக இருந்தாலும் இயற்கை தன் போக்கில்தான் போகும் என்பதை அந்தக் காலை நமக்குக் காட்டியது. ஆபத்தே இல்லை என்று எந்த மலையும் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை.

அப்படியானால், அம்மா கேட்ட கேள்விக்கு என்ன பதில்? தேவையா?

1998இல் சிங்கப்பூர்க் குழுவுக்குத் தலைமை தாங்கிய டேவிட் லிம் உச்சியை அடையவில்லை. நாடு திரும்பிய சில நாள்களில் அரிய நரம்பு நோய் தாக்கி, கை கால் அசைக்க முடியாமல் மருத்துவமனையில் கிடந்தார். மாதக்கணக்கில் சிகிச்சை. மறுபடி நடக்கக் கற்றார். முழுமையாகக் குணமாகாத கால்களோடு மறுபடியும் மலை ஏறினார். படுக்கையில் கிடந்த நாளில் ஒரு விரலை அசைப்பதே அவருக்கு எவரெஸ்டாக இருந்திருக்கும். சிறிது சிறிதாக முன்னேறுவது, பின்வாங்கினாலும் மனம் தளராமல் இருப்பது என்று மலை பழக்கிய பழக்கம் அங்கே கைகொடுத்திருக்காதா?

தேவைதான் என்பதே என் எண்ணம். ஆனால் வீம்புக்காக அல்ல. நம் பிள்ளைகள் மலைக்குப் போகட்டும். முறையாக அனுமதி பெற்று, வழி தெரிந்த வழிகாட்டியோடு, உடலைப் பழக்கிக்கொண்டு போகட்டும். எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்துகொண்டு போகட்டும். பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை வீடு திரும்பியதும், "உச்சிக்குப் போனாயா?" என்று முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். "கூட வந்தவங்க எல்லாரும் நல்லபடியா இறங்கிட்டாங்களா?" என்று கேளுங்கள். அடுத்த முறை மலையில் மேகம் கருக்கும்போது, அந்தக் கேள்வி பிள்ளையின் காதில் ஒலிக்கும்.