பத்திரத்தில் இருக்கும் பாட்டனார்

(யூபிலி விழாக் கூட்டத்தில் பங்குக்குரு ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டு தொடங்கியது முதல் நம்மிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்பது ஒன்றுதான்: "சாமி, எங்க பாட்டன் பேரு புத்தகத்துல இருக்கா பாருங்க." நாமும் ஞானஸ்நானப் புத்தகத்தை எடுத்துப் புரட்டுகிறோம். பெயர் இருக்கிறது. ஆனால் ஒரே பக்கத்தில் மூன்று சவரிமுத்து, நான்கு அந்தோணி! இவர்களில் உங்கள் பாட்டனார் எவர்? பெற்றோர் பெயரோடும் ஞானப் பெற்றோர் பெயரோடும் புத்தகம் நின்றுவிடுகிறது.

அதற்கு மேல் அறிய வேண்டுமானால் பத்திர ஆபீசுக்குப் போங்கள் என்றால் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்க ஒன்றுமில்லை. பழைய கிரயப் பத்திரம் ஒன்றை நிதானமாகப் படித்துப் பாருங்கள். இன்னார் மகன் இன்னார், இன்ன ஊர் என்று தொடங்கும். "சவரிமுத்து என்கிற கருப்பன்" என்று எழுதியிருக்கும். அந்த "என்கிற" என்ற ஒரு சொல்லில், கோவிலில் பெற்ற பெயரும் வீட்டில் கூப்பிட்ட பெயரும் சேர்ந்து நிற்கின்றன. பிறகு எதற்காக விற்கிறார் என்ற காரணம். பிறகு நான்கு எல்லை: கண்மாய்க்கு மேற்கு, இன்னார் புஞ்சைக்கு வடக்கு. சொந்தமாகக் குழி நிலம் இல்லாதவரும் சாட்சியாகவோ குத்தகைக்காரராகவோ வந்துவிடுவார். 1895-ல் பெரியாற்றுத் தண்ணீர் வந்தபின் மேலூர்ப் பக்கம் புஞ்சைகள் பல நஞ்சையாயின. ஒரே நிலம் முன் பத்திரத்தில் புஞ்சை, பின் பத்திரத்தில் நஞ்சை என்றிருந்தால் குழம்ப வேண்டாம்.

1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, நிலம் வீடு பற்றிய பத்திரங்கள் ஒன்றாம் புத்தகத்தில் ஏறுகின்றன. அதற்குப் பெயர்வாரியாக ஓர் அட்டவணை, சொத்துவாரியாக ஓர் அட்டவணை உண்டு. கட்டணம் செலுத்தி எவரும் நகல் பெறலாம். அண்மைக் காலத்து வில்லங்க விவரம் இப்போது இணையத்திலேயே கிடைக்கிறது. பழையதற்கு மனுப் போட்டுக் காத்திருக்கத்தான் வேண்டும்.

கோர்ட்டுக் கட்டுகளும் அப்படியே. பாகப் பிரிவினை வழக்கென்றால் வம்சாவளி சொல்லாமல் வாதம் நகராது. சிவகங்கை ஜமீனைப் பாருங்கள். கௌரி வல்லபத் தேவர் 1829-ல் இறந்தார். அண்ணன் வழியினர் ஜமீனை எடுத்துக்கொண்டனர். மகள் காத்தம நாச்சியார் விடவில்லை. இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1863-ல் வென்றார். அந்தக் குடும்பத்தின் கிளைகளெல்லாம் இன்று தீர்ப்பில் அச்சாகிக் கிடக்கின்றன. சண்டை போட்டவர்கள் நமக்குச் சரித்திரம் எழுதி வைத்திருக்கிறார்கள்!

அயர்லாந்து நாட்டுக் கத்தோலிக்கருக்கும் இதே பாடுதான். 1922-ல் டப்ளின் நகரத்து ஆவணக் காப்பகம் உள்நாட்டுப் போரில் எரிந்து, பழைய குடிக்கணக்கில் பெரும்பகுதி சாம்பலாயிற்று. 1708-ல் தொடங்கிய பத்திரப் பதிவகம் தப்பியது. ஆனால் 1704-ம் ஆண்டுச் சட்டம் கத்தோலிக்கர் நிலம் வாங்குவதைத் தடுத்திருந்தது. முப்பத்தோரு ஆண்டுக்கு மேல் குத்தகையும் கூடாது. ஆகவே பலர் தம் முன்னோரைப் பிறர் பத்திரத்தில் குத்தகைக்காரராகவே தேடிக் கண்டெடுக்கிறார்கள்.

ஒன்று சொல்லி முடிக்கிறோம். தேடுகிறவர் கண்டதையும் தாங்க வேண்டும். நம் பங்குப் பெரியவர் ஒருவர் நகல் ஒன்று கொண்டுவந்தார். பாட்டன் நிலத்தை அடுத்த வீட்டார் ஏமாற்றிப் பறித்தார்கள் என்பது அவர் குடும்பத்துப் பேச்சு. மூன்று தலைமுறையாக இரு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பத்திரத்திலோ, மகள் கலியாணச் செலவுக்கென்று பாட்டனே விற்றிருக்கிறார். பணம் முழுதும் பெற்றுக்கொண்டதாகக் கைநாட்டு. சாட்சிக் கையெழுத்து நம் கோவில் உபதேசியாருடையது.

பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "சாமி, இதை அவங்ககிட்ட நான் காட்டணுமா?" என்றார்.

"நகல் உங்களுடையது ஐயா, நாம் எப்படிச் சொல்வது?" என்றோம்.

இன்று இரு குடும்பமும் இங்கே உட்கார்ந்திருக்கின்றன. நகல் இன்னும் அவர் சட்டைப் பையில்தான் இருக்கிறது.