நாய்க்கு மூட்டு வீங்கினால்



மாட்டுக்குக் கால் வீங்கினால் உடனே டாக்டரிடம் ஓடுகிறோம். ராத்திரி முழுக்க வாசலில் காவல் இருக்கிற நாய் நொண்டினால், "நாய்தானே, தானாகச் சரியாகும்" என்று விட்டுவிடுகிறோம். சில சமயம் சரியாகும். சில சமயம் ஆகாது.

முதலில் நான்கு கால்களையும் பாருங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமா? அடி பட்டிருக்கலாம். முள் குத்தியிருக்கலாம். வேறு நாய் கடித்திருக்கலாம். பல் பட்ட இடம் வெளியே சின்னப் புள்ளிதான். உள்ளே சீழ் கட்டிவிடும். முடியை விலக்கிப் பாருங்கள்.

இரண்டு மூன்று கால்களில் வீக்கமா? இன்றைக்கு இந்தக் கால், நாளைக்கு அந்தக் கால் என்று நொண்டுகிறதா? தீனி எடுக்கவில்லையா? காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். உண்ணி கடித்து வரும் காய்ச்சலில் மூட்டும் வீங்கும். சில நாய்களுக்கு மூக்கில் ரத்தம் வரும். டாக்டர் ரத்தத்தைச் சோதித்து மருந்து கொடுப்பார். சீக்கிரம் போனால் பெரும்பாலும் பிழைத்துவிடும். உண்ணி போக மண்ணெண்ணெய் தடவாதீர்கள். தோல் வெந்துவிடும். நாய் அதை நக்கவும் செய்யும்.

குட்டிக்கு முன்னங்கால் மணிக்கட்டு தடித்து, கால் வளைந்தால் அது வேறு. வெறும் சோறு மட்டும் தின்று வளரும் குட்டிக்கு எலும்புக்கு வேண்டிய சத்து போதாது. அதையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். நாம் போடும் வலி மாத்திரையை நாய்க்குக் கொடுக்காதீர்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் நாய் ரத்தமாக வாந்தி எடுத்தது. அந்த மாத்திரைகள் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும். சிறுநீரகத்தையும் கல்லீரலையும் கெடுக்கும். வீக்கத்தின் மேல் சூடு போடுவதும் கூடாது. அது வைத்தியமே அல்ல, வதை.

லேசான அடி என்றால், குளிர்ந்த ஈரத் துணியைப் பத்து நிமிடம் வையுங்கள். ஓடவிடாமல் கட்டிப் போடுங்கள். இரண்டு நாளில் குறையாவிட்டால் டாக்டரிடம் போங்கள். காலை ஊன்றவே முடியாவிட்டால், சீழ் வடிந்தால், காய்ச்சல் அடித்தால், பல கால்கள் வீங்கினால் அன்றைக்கே போங்கள். மூக்கு காய்ந்திருப்பதை வைத்துக் காய்ச்சல் என்று சொல்ல முடியாது. நாயின் உடம்பு எப்போதுமே நம் உடம்பைவிடச் சூடுதான். டாக்டர் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பார்.

வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கும். கடித்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனையில் ஊசி போடுங்கள். தள்ளாடி, எச்சில் ஒழுகி, தண்ணீர் விழுங்க முடியாமல் இருக்கும் நாயைத் தொடவே வேண்டாம். வெறிநோயாக இருக்கலாம்.

பல மாநிலங்களில் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை மருத்துவ வண்டி பற்றிக் கேட்கலாம். டாக்டரிடம் போகும்போது ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். என்றைக்கு வீங்கியது? எந்தக் கால்? கடைசியாக எப்போது தின்றது? உண்ணி இருந்ததா? நீங்கள் என்ன மருந்து கொடுத்தீர்கள்? இதைத்தான் அவர் முதலில் கேட்பார்.