பழைய எஞ்சினும் அதன் பிணிகளும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள டெற்றோயிற் நகரும் அதன் சுற்றுப்புறமும் மோட்டார் வண்டித் தொழிலின் தாயகம் எனப் பெயர் பெற்றவை. அப்பகுதியில் 1960ஆம் ஆண்டுகளில் ஒரு தனி இன வண்டி தோன்றியது. உடல் நடுத்தரமானது, உள்ளே இருந்த எஞ்சினோ பெரிய வண்டிக்கென வார்க்கப்பட்டது, விலை இளைஞர் கைக்கு எட்டுவது. இம்மூன்றும் ஒருங்கு சேர்ந்த அவ்வண்டியை அமெரிக்கர் 'மசில் கார்' என்று அழைத்தனர். தசை வலிமை மிக்க வண்டி என்பது அதன் பொருள்.

இவ்வினத்துக்கு வழிகாட்டியாகப் பலரும் கொள்வது 1964ஆம் ஆண்டு மாதிரியாக வெளிவந்த பொன்ரியாக் ஜீ.ரீ.ஓ. என்னும் வண்டியாகும். பொன்ரியாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டர்ஸ், நடுத்தர வண்டிகளில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினைப் பொருத்தலாகாது என்று ஒரு விதி வைத்திருந்தது. பொன்ரியாக்கின் பொறியியலாளரோ, ஜோன் டெலோரியன் என்பாரின் தலைமையில், 389 கன அங்குல எஞ்சினைத் தனி வண்டியாக அன்றி, மேலதிகப் பணம் கொடுப்போர் விரும்பிப் பெறும் ஒரு சேர்க்கையாக விற்று, அவ்விதியைச் சுற்றிச் சென்றனர். முதலில் ஐயாயிரம் வண்டிகளே விற்பதாகத் திட்டமிட்டனர். அந்த ஆண்டில் விற்றவையோ 32,450. வண்டிகள் முதுமையடைந்தன. 2010ஆம் ஆண்டில் பொன்ரியாக் என்னும் பெயரே சந்தையிலிருந்து மறைந்தது. ஆயினும் கொட்டில்களிலும் களஞ்சியங்களிலும் துருப்பிடித்துக் கிடக்கும் அவ்வண்டிகளைத் தேடி எடுத்துப் புதுப்பிப்போர் இன்றும் அமெரிக்காவெங்கும் உளர்.

இப்படிப் புதுப்பிக்க முற்படும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். இருபது முப்பது ஆண்டு அசையாது நின்ற ஒரு வண்டி அவர் வாயிலில் வந்து இறங்குகிறது. துருவைச் சுரண்டலாம், தகட்டை ஒட்டலாம், வர்ணம் பூசலாம். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் வேலைகள். எஞ்சினின் நோயோ கண்ணுக்குத் தெரியாது. ஆதலின் புதிய பற்றரி ஒன்றை இணைத்து, திறப்பைத் திருகி, எஞ்சின் உறுமுகிறதா என்று கேட்கவே அவர் மனம் துடிக்கும். அந்த அவசரந்தான் பழைய எஞ்சினுக்கு முதற் பகை.

ஏன் எனில், நெடுநாள் நின்ற எஞ்சினின் உள்ளே எண்ணெய் முற்றாக வடிந்திருக்கும். சிலிண்டரின் சுவரில் துரு படிந்து பிஸ்டனின் வளையங்களைப் பற்றிப் பிடித்திருக்கும். அந்நிலையில் மின்விசையால் பலவந்தமாகச் சுழற்றினால் வளையம் முறியும். சுவரிற் கீறல் விழும். அனுபவமுள்ளோர் செய்வது வேறு. ஸ்பார்க் பிளக்குகள் எட்டையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரினுள்ளும் துருவில் ஊறிச் செல்லும் எண்ணெயைச் சிறிது விட்டுப் பல நாள் காத்திருப்பர். பின்னர் முன்புறத்து ஆணியில் நீண்ட பிடியைக் கொளுவி, கையால் மெல்ல அசைத்துப் பார்ப்பர். ஆக்கப் பொறுத்தவர் ஆறவும் பொறுக்கவேண்டும் என்று வீட்டில் பெரியோர் சொல்வது சோற்றுக்கு மட்டுமன்று, எஞ்சினுக்கும் பொருந்தும்.

எஞ்சின் சுழன்றுவிட்டது என்றால் வேலை முடிந்ததென்று கொள்ளலாகாது. பெற்றோற் தாங்கியில் உள்ள பழைய எரிபொருள் பசை போலக் கெட்டியாகியிருக்கும். அது காபுரேற்றரின் நுண்ணிய துளைகளை அடைத்துவிடும். இன்னுமொரு தொல்லை உண்டு. இக்காலத்து அமெரிக்கப் பெற்றோலில் பெரும்பாலும் பத்து விழுக்காடு வரை எதனோல் என்னும் மதுசாரம் கலந்திருக்கிறது. 1960ஆம் ஆண்டுகளின் இறப்பர்க் குழாய்கள் இதனைத் தாங்கும்படி செய்யப்படவில்லை. அவை நாளடைவில் மெலிந்து வெடிக்கும். சூடான எஞ்சினின் மேல் பெற்றோல் சொட்டினால் விளைவது யாதென்று கூற வேண்டியதில்லை. ஆதலின் பழைய குழாய் பார்வைக்கு எவ்வளவு நன்றாயிருந்தாலும் மாற்றியே ஆகவேண்டும்.

இனி, நோயை நாடும் முறையைப் பார்ப்போம். எஞ்சின் ஓடுகிறது, ஆனால் வலுவில்லை, குலுங்குகிறது என்றால் குற்றம் எங்கே உள்ளது? மருத்துவர் நாடி பார்ப்பதுபோல, ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்பதை ஓர் அளவுமானியால் பார்ப்பர். எட்டினுள் மிகக் குறைந்தது, மிகக் கூடியதன் முக்காற் பங்குக்குக் கீழே இறங்கினால் அங்கே பழுது உண்டு. அப்பழுது வளையத்திலா, வால்வு எனப்படும் அடைப்பிலா? இதனை அறிய ஓர் எளிய வழி இருக்கிறது. குறைந்த சிலிண்டரினுள் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளப்பர். எண்ணெய் பிஸ்டனின் விளிம்பில் படிந்து வளையத்தின் இடைவெளியை அடைக்கும். அளவு உயர்ந்தால் குற்றம் வளையத்தில். உயராவிட்டால் பெரும்பாலும் வால்வில். ஒரு கரண்டி எண்ணெயும் கால் மணி நேரமும் செலவழித்தவர், வீணாக எஞ்சினைப் பிரித்துப் போடும் பல வார வேலையை மீதப்படுத்துகிறார்.

வால்வின் பழுதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் அதன் பின்னே உலகறிய வேண்டிய ஒரு வரலாறு உண்டு. 1921ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டர்ஸ் ஆய்வுகூடத்தில் தோமஸ் மிட்க்லி என்பவர், ஈயச் சேர்க்கை ஒன்றைப் பெற்றோலிற் கலந்தால் எஞ்சினில் எழும் இடியோசை அடங்குவதைக் கண்டார். அதனால் எரிபொருளை மேலும் இறுக்கி எரித்துக் கூடுதல் வலுப் பெற முடிந்தது. அதே ஈயம், எரிந்தபின் வால்வு வந்து அமரும் இருக்கையில் மெல்லிய படலமாகப் படிந்து, சூடான இரும்பும் இரும்பும் ஒட்டாதபடி காத்தது. ஈயமில்லாத பெற்றோலில் நெடுந்தூரம் விரைந்து ஓடினால், இருக்கையின் இரும்புத் துகள்கள் வால்வில் ஒட்டி அரத்தைப்போல் அராவும். இருக்கை சிறிது சிறிதாகத் தேய்ந்து பள்ளமாகும். அழுத்தம் கசியும். பழைய எஞ்சின் வலுவிழப்பதற்கு இஃது ஒரு காரணம்.

அப்படியாயின் ஈயத்தை ஏன் நீக்கினர் என்று கேட்கத் தோன்றும். ஈயம் நஞ்சு. புகையுடன் வெளிவந்த ஈயம் மண்ணிலும் காற்றிலும் கலந்து குழந்தைகளின் உடலிற் சேர்ந்தது. 1979ஆம் ஆண்டில் ஹேபேட் நீடில்மன் என்னும் மருத்துவர், அமெரிக்காவில் கீழ் வகுப்புப் பிள்ளைகளின் விழுந்த பாற்பற்களைச் சேர்த்து அவற்றில் ஈயம் எவ்வளவு உண்டென்று ஆராய்ந்து வெளியிட்டார். ஈயம் கூடிய பிள்ளைகள் அறிவுத் தேர்வுகளிற் குறைந்த புள்ளி பெற்றனர். அவர்கள் வகுப்பிற் கவனம் சிதறுகின்றனர் என்று ஆசிரியர்களும் கூடுதலாகக் குறித்திருந்தனர். எத்தனை வகுப்பறைகளில் எத்தனை பிள்ளைகள், தாம் செய்யாத குற்றத்துக்காக மந்தபுத்தியுடையோர் என ஏச்சுக் கேட்டிருப்பர்! அமெரிக்க வீதிகளில் ஓடும் வண்டிகளுக்கு ஈயப் பெற்றோல் 1996ஆம் ஆண்டு தொடக்கத்துடன் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. இலங்கையில் 2002ஆம் ஆண்டில் அது நீங்கியது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021ஆம் ஆண்டில் அதனைக் கைவிட்டது.

ஆகவே பழைய வண்டியை அதன் பழைய நிலைக்கே கொண்டுவருவேன் என்பவரும் இந்த ஒன்றைத் திரும்பக் கொண்டுவர விரும்பார். வழி வேறு உண்டு. எஞ்சினின் தலைப்பாகத்தைக் கழற்றி, தேய்ந்த இருக்கைகளைக் கடைந்தெடுத்து, கடினமான உலோக வளையங்களைப் பதிப்பர். கடைவோர் கை சற்று ஆழமாகப் போனால் நீரோடும் அறையில் துளை விழுந்து தலைப்பாகமே வீணாகும். ஆதலின் தேர்ந்த வினைஞரிடமே இதனை ஒப்படைக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் மெல்ல உலாவரும் வண்டிக்குத் தேய்வு மிக மெதுவாகவே நேரும். அதற்கு இப்பழுது காணும்வரை காத்திருப்பதே அறிவு.

இவ்வாறே எண்ணெயிலும் ஒரு மாற்றம் நேர்ந்துள்ளது. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டின் மேடுகள், பழைய எஞ்சின்களில் தட்டையான உலோகத் துண்டுகளின்மேல் உரசிச் செல்லும். நாகமும் பொசுபரசும் கலந்த ஒரு சேர்க்கையே அவ்வுரசலைத் தாங்க உதவியது. பொசுபரசு புதிய வண்டிகளில் புகையைத் தூய்தாக்கும் ஊக்கிக் கருவியைக் கெடுக்குமாதலால், 2004ஆம் ஆண்டின் எண்ணெய்த் தரவிதி பொதுவான எண்ணெய் வகைகளில் அதனை 0.08 விழுக்காட்டுக்குக் கட்டுப்படுத்தியது. புதிய வண்டிக்கு நன்மையானது பழையதற்குத் தீமையாயிற்று. புதிய கேம் தண்டைப் பொருத்தியவர், நாகம் கூடிய எண்ணெயை விடவேண்டும். மேலும், பொன்ரியாக் எஞ்சினில் டிஸ்றிபியூற்றரைக் கழற்றி, அத்துளையில் ஒரு தண்டை இறக்கி, துளைகருவியால் எண்ணெய்ப் பம்பியைச் சுழற்றி, எங்கும் எண்ணெய் பரவிய பின்னரே எஞ்சினை இயக்குவர். இயங்கியதும் அதனை மெல்ல ஓடவிடலாகாது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,000 சுற்றில் இருபது நிமிடமேனும் ஓட்டவேண்டும். வேகம் குறைந்தால் மேடுகளுக்குத் தெறிக்கும் எண்ணெய் போதாது. பல மாத உழைப்பு அந்த இருபது நிமிடத்தில் அழிந்துவிடும்.

இத்தனை தொல்லைக்கு மாறாகப் புதிய எஞ்சின் ஒன்றை வாங்கிப் பொருத்தினால் என்ன என்போரும் உளர். அவர்கள் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. புதியது சிக்கனமானது, நம்பத்தக்கது. ஆயினும் பழைய எஞ்சினின் உடலில் அது வார்க்கப்பட்ட திகதியும் அதன் வகையைக் காட்டும் குறியெழுத்துகளும் உள. வண்டியும் எஞ்சினும் ஒன்றாகவே பிறந்தவை என்பதற்கு அவையே சாட்சி. அதனை எடுத்தெறிந்தால் எஞ்சுவது வெறும் ஓடு. உடல் வெடித்து ஒட்டமுடியாத நிலை வந்தாலன்றி அதனைக் கைவிடாமையே சிறப்பு. கைவிட நேர்ந்தாலும், பழையதை எண்ணெய் தடவிப் பேணி வைப்பவர் பின்வருவோருக்கு ஒரு வாய்ப்பை விட்டுச் செல்கிறார்.

பழையதைப் போற்றுவது வேறு. பழையது அனைத்தையும் அப்படியே ஏற்பது வேறு. அக்காலத்து வினைஞரின் கைத்திறனை அவ்வெஞ்சினிலே காத்து, அது உமிழ்ந்த நஞ்சை மட்டும் நீக்கிவிட முடியும் என்பதைப் பொறுமையுள்ள பழுதுபார்ப்போர் தம் கொட்டில்களிலே செய்து காட்டுகின்றனர். எஞ்சினுக்கு மட்டுமன்றி, முன்னோர் விட்டுச் சென்ற வேறு பலவற்றுக்கும் இம்முறை பொருந்துமா என்பதை நேயர்கள் தம்முள்ளே எண்ணிப் பார்ப்பார்களாக.