கொடுக்கத் தெரிந்த கை: ராபர்ட் ஜவோர்ஸ்கி

பிலிப்பைன்ஸில் கூடைப்பந்து வளையம் இல்லாத தெருவைக் காண்பது அரிது. தென்னை மரத்தில் ஒரு பலகையை அடித்து வளையத்தை மாட்டிவிட்டால் போதும், ரப்பர் செருப்போடு பிள்ளைகள் இறங்கிவிடுவார்கள். ஆசியாவின் முதல் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான பிபிஏ 1975-ல் அந்த நாட்டில்தான் பிறந்தது. அதில் ஆடியவர்களில் மக்கள் மனத்தில் மிக ஆழமாகப் பதிந்தவர் ராபர்ட் ஜவோர்ஸ்கி. அவருடைய ஆட்டக் கலையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

1946-ல் மலை நகரமான பாகியோவில் பிறந்தவர். தந்தை போலந்து வழிவந்த அமெரிக்கர், தாய் பிலிப்பைன்ஸ்காரர். மணிலாவில் கிழக்குப் பல்கலைக்கழக அணியில் பேபி தலுப்பான் என்ற பெரிய பயிற்சியாளரிடம் ஆட்டம் கற்றார். 1967-ல் சியோலில் ஆசியக் கோப்பையை வென்ற பிலிப்பைன்ஸ் அணியில் இருந்தார். மறு ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஆடினார்.

அவர் ஆடியது பாயின்ட் கார்டு இடத்தில், அதாவது பந்தை எடுத்துவந்து ஆட்டத்தை நடத்துபவரின் இடத்தில். அந்தக் காலத்தில் குள்ளமான, வேகமான ஆட்டக்காரர்களே அங்கே நிற்பார்கள். ஜவோர்ஸ்கியோ ஆறடி ஓரங்குலம், முரட்டு உடம்பு. வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தை நெடியவர்களுக்கு நடுவே புகுந்து தானே பிடிப்பார். அடுத்த கணமே களத்தின் மறுமுனைக்கு ஓடும் தோழனுக்கு நீளமாக வீசிவிடுவார். எதிரணி திரும்பிப் பார்ப்பதற்குள் அங்கே புள்ளி விழுந்திருக்கும். இப்படிப் பிறர் புள்ளி எடுக்க அவர் கொடுத்த பந்துகள், அதாவது அசிஸ்ட்கள், 5,825. பிபிஏ வரலாற்றிலேயே இதுதான் மிக அதிகம். அவருடைய கலையின் உயிர் பந்தைக் கூடையில் போடுவதில் இல்லை, பிறரைப் போடவைப்பதில் இருந்தது என்பேன்.

குறையையும் சொல்லியாக வேண்டும். 1971-ல் ஒரு ஆட்டத்தில் அவரும் அணித்தோழர் ஒருவரும் நடுவர்களை அடித்தார்கள். ஆயுள் தடை விழுந்தது. 1973-ல் மணிலாவில் ஆசியக் கோப்பை நடந்தபோது, அவர் தேவைப்பட்டதால் தடை நீங்கியது. அணி கோப்பையை வென்றது. வென்றதால் அந்த அடி நியாயமாகிவிடாது. நடுவர் மேல் கை வைத்தது பெரும் தவறு, அதை யாரும் வீரமாகப் பேசக்கூடாது.

பிபிஏயின் முதல் ஒன்பது ஆண்டுகள் டொயோட்டா அணிக்கு ஆடினார். கிரிஸ்பா அணியுடனான போட்டி நாட்டையே இரண்டாகப் பிரித்து வைத்திருந்தது. 1978-ல் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது அவருக்குக் கிடைத்தது. 1984-ல் டொயோட்டா கலைந்தது. ஒரு ஜின் நிறுவனத்தின் அணிக்கு மாறினார். அடுத்த ஆண்டு ஹினேப்ரா என்று பெயர் பெற்ற அந்த அணிக்கு ஆட்டக்காரரும் அவரே, பயிற்சியாளரும் அவரே.

1985 அக்டோபரில் ஓர் ஆட்டம். எதிரணியின் அமெரிக்க வீரரின் முழங்கை பட்டு ஜவோர்ஸ்கியின் உதடு கிழிந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ஒன்பது தையல் போட்டார்கள். ஹினேப்ரா பின்தங்கிக்கொண்டே போனது. நான்காம் கால்பகுதியில், தையல் போட்ட உதட்டோடு அவர் அரங்கத்துக்குள் திரும்பி வந்தார். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. அவர் களத்தில் இறங்கியதும் தோழர்களின் கால்களுக்குப் புது வேகம் வந்தது, எதிரணிக்குக் கை நடுங்கியது. தோற்றுக்கொண்டிருந்த ஆட்டத்தை வென்றார்கள். கடைசி மணி அடிக்கும்வரை விடாத அணி என்ற பெயர் ஹினேப்ராவுக்கு நிலைத்தது அந்த இரவில்தான்.

பயிற்சியாளராகவும் கொடுக்கும் குணம் அவரைவிட்டுப் போகவில்லை. மற்ற அணிகள் வேண்டாம் என்று விட்டவர்களையும் பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தவர்களையும் நம்பிக் களத்தில் இறக்குவார். 1991 இறுதிச் சுற்றில் ஷெல் அணியிடம் மூன்றுக்கு ஒன்று என்று பின்தங்கி, அடுத்த மூன்று ஆட்டங்களையும் வென்றார்கள். ஏழாம் ஆட்டத்தில் கடைசி நொடிகளில் வெற்றிப் பந்தைப் போட்டவர் நட்சத்திரம் அல்ல, ரூடி டிஸ்ட்ரிட்டோ என்ற துணை ஆட்டக்காரர்.

ஆனால் எனக்கு மிகப் பிடித்தது லீக்கின் நட்சத்திரங்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டம், 1989-ல் நடந்தது. டொயோட்டாவில் ஒன்றாக ஆடிய ரமோன் ஃபெர்னாண்டஸும் ஜவோர்ஸ்கியும் அணி கலைந்தபின் பேசிக்கொண்டதே இல்லை. அன்று மூத்தோர் அணியில் இருவரும் ஒரே பக்கம். ஸ்கோர் சமம், சில நொடிகளே மிச்சம். எல்லைக்கோட்டுக்கு வெளியே பந்தோடு நின்ற ஜவோர்ஸ்கி அதைக் கொடுத்தது ஃபெர்னாண்டஸுக்கு. அவர் பாய்ந்து போட்டார், வெற்றி. பழைய குரு தலுப்பான் இருவரையும் அழைத்துக் கைகுலுக்க வைத்தார். பல ஆண்டுப் பகை அங்கே முடிந்தது. பகைவனானாலும் சரியான இடத்தில் நிற்பவனிடம் பந்து போகவேண்டும் என்பதைவிட உயர்ந்த ஆட்டப் பண்பு எனக்குத் தெரியவில்லை.

ஐம்பது வயதைத் தாண்டியும், 1997 வரை, அவர் களத்தில் இறங்கினார். 1998-ல் மக்கள் அவரைச் செனட்டராகத் தேர்ந்தெடுத்தார்கள். 2012-ல் ஹினேப்ரா அவருடைய 7-ஆம் எண் சட்டைக்கு ஓய்வு கொடுத்தது.

கூடைப்பந்து கற்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், எத்தனை புள்ளி எடுத்தாய் என்று மட்டும் கேட்காதீர்கள். யாருக்குப் பந்து கொடுத்தாய் என்றும் கேளுங்கள்.